பாஸ் கிதார்ப் பாடபேதம்: ஜொகூர்ப் பிரதிகளை முன்வைத்து

பழைய பாஸ் கிதாரை இசைக்கருவியாகக் கொள்வது பாமரர் வழக்கம். அதை ஓர் ஏட்டுச்சுவடியாகக் கொண்டு ஆராய வேண்டும் என்பது இக்கட்டுரையின் துணிபு. சுவடிக்கு உள்ள எல்லாம் இதற்கும் உண்டு: மூலம், படியெடுத்தவர், இடைச்செருகல், பூச்சி அரிப்பு. போதாக்குறைக்கு, தன் கையில் இருப்பதே சுத்தபாடம் என்று சாதிக்கும் உரிமையாளரும் உண்டு.

நன்னூலார் நூலை முதல், வழி, சார்பு என மூன்றாக வகுத்தார். அவர் கிதாரைக் கண்டதில்லை. ஆனாலும் வகைப்பாடு பிசகாமல் பொருந்துகிறது. முதல்நூல், கலிபோர்னியாவின் புல்லர்ட்டன் நகரில் லியோ ஃபெண்டர் 1951இல் வெளியிட்ட பிரெசிஷன் பாஸ். நரம்பின் நீளம் 34 அங்குலம், ஃபிரெட் 20. 1960இல் ஜாஸ் பாஸ் வந்தது. ஆசிரியர் ரேடியோ பழுதுபார்த்தவர், கிதார் வாசிக்கத் தெரியாதவர். (இலக்கணம் செய்தவர்கள் எல்லாரும் கவி பாடினார்களா என்ன?) 1965 தொடக்கத்தில் நிறுவனம் சிபிஎஸ் ஒலிபரப்பு நிறுவனத்தின் கைக்குப் போனது. அதற்கு முந்தியவற்றுக்குச் சங்ககால மதிப்பு. பிந்தியவை சங்கம் மருவியவை, விலையும் அப்படியே மருவும்.

வழிநூல் ஜப்பானில் பிறந்தது. 1970களில் அங்குள்ள ஆலைகள் எடுத்த படிகள் மூலத்தை மிஞ்சுகின்றன என்ற பேச்சு கிளம்பியது. 1982இல் ஃபெண்டரே ஜப்பானில் கூட்டு நிறுவனம் அமைத்து, மட்சுமோட்டோ நகரின் புஜிஜென் ஆலையில் தன் படியைத் தானே எடுக்கத் தொடங்கியது. சுவரேறிக் குதித்தவனை வீட்டோடு மாப்பிள்ளை ஆக்கிக்கொண்ட ஏற்பாடு. சார்புநூல் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். தலையில் ஒட்டிய பெயர்ச்சீட்டைத் தவிர மூலத்தோடு அதற்கு வேறு உறவில்லை.

இவை மலேசியாவின் ஜொகூருக்கு வந்து சேர்ந்த வழிகளும் மூன்று. ஒன்று, 1924இல் திறக்கப்பட்ட கடற்பாலத்தின் வழியே, சிங்கப்பூரின் பெனின்சுலா கடைவளாகத்திலிருந்து தோளில் தொங்கியபடி. இரண்டு, ஜப்பானிலிருந்து மொத்தமாக இறங்கும் பழைய சாமான்களை விற்கும் கடைகள். மூன்று, ஜொகூர் பாருவின் பசார் காராட் இரவுச் சந்தை. அங்கே மூலம் எது, சார்பு எது என்பது விளக்கு வெளிச்சத்தைப் பொறுத்தது. வாங்குவதற்குக் காரணமும் உள்ளூரிலேயே இருந்தது. 1981இல் ஜொகூர் பாருவில்தான் ‘சர்ச்’ ராக் குழு பிறந்தது. 1989இல் அவர்களின் ‘இசபெல்லா’ நாட்டையே பிடித்தாட்டியது. தமிழ்ப் பையன்களுக்கு இன்னொரு காரணமும் உண்டு. இளையராஜா பாடல்களில் சசிதரன் வாசித்த பாஸை ஒருமுறை கவனித்துக் கேட்டவனுக்கு அப்புறம் பாட்டில் வேறெதுவும் காதில் விழாது. கல்யாண மண்டபக் குழுக்களில் கிதாருக்கு ஐந்து பேர் நிற்பார்கள், பாஸுக்கு ஆள் கிடைக்காது என்பதும் ஒரு வசதி.

இனிக் காலக்கணிப்பு. சத்தம் கூட்டும் குமிழின் அடியில் சிறு எண்கள் பொறித்திருக்கும். 1376612 என்றால், 137 செய்த நிறுவனம், 66 ஆண்டு, 12 வாரம். கழுத்தின் அடியில் மாதமும் ஆண்டும் மையில் இருக்கும். முதுகுத் தகட்டில் வரிசை எண். மூன்றும் ஒத்துப்போனால் மூலம் என்பர். ஆனால் கழுத்தை உடலோடு பிணைப்பவை நான்கே திருகாணிகள். ஒரு ஸ்க்ரூ டிரைவரும் மழைநாள் மாலையும் இருந்தால் எவரும் 1962ஐ உண்டாக்கலாம். ஒன்றின் கழுத்து, வேறொன்றின் உடல், மூன்றாவதன் தகடு. பொருள்கோளில் இதற்குக் கொண்டுகூட்டு என்று பெயர். நச்சினார்க்கினியர் எங்கோ கிடக்கும் சொல்லை எங்கோ கொண்டுபோய்ப் பொருத்தியபோது அவரை உரையாசிரியர் என்றுதான் சொன்னோம், மோசடிக்காரர் என்றல்ல.

குற்றங்களும் இலக்கணப்படியே அமைகின்றன. ஃபெண்டர் வகை பாஸ்களில் ஜி நரம்பின் ஐந்தாம் ஃபிரெட் முதல் ஏழாம் ஃபிரெட் வரை எங்கோ ஓரிடத்தில் ஒலி எழுந்து சட்டென்று செத்துப்போகும். நரம்பின் அதிர்வைக் கழுத்தே உறிஞ்சிக்கொள்வதால் வரும் கோளாறு. நன்னூல் இதைச் ‘சென்று தேய்ந்து இறுதல்’ எனக் குறித்துவைத்திருக்கிறது. மூலத்திலேயே இக்குற்றம் இருப்பதால், குற்றமற்ற பாஸைக் கண்டால் நிபுணர்கள் சந்தேகப்படுகிறார்கள்.

திருத்தலாமா கூடாதா என்பதில் இரு கட்சி. கூடாது என்போர் ஜேம்ஸ் ஜேமர்சனைக் காட்டுவர். மோட்டவுன் பாடல்களில் வாசித்த அவர், அறுந்தாலொழிய நரம்பைக்கூட மாற்றாதவர். திருத்தலாம் என்போர் ஜாக்கோ பாஸ்டோரியஸைக் காட்டுவர். அவருடைய 1962 ஜாஸ் பாஸில் ஃபிரெட்டுகளே இல்லை. இருந்த பள்ளங்களை அடைத்து, படகுக்குப் பூசும் எபாக்சியைப் பூசியிருந்தார். என் கட்சி இரண்டாவது. யாரும் கை வைக்காத பாஸ் யாரும் வாசிக்காத பாஸ். 1995இல் ஃபெண்டர் புத்தம்புது கிதாரைச் சுரண்டி, துருவேற்றி, ‘ரெலிக்’ என்ற பெயரில் கூடுதல் விலைக்கு விற்கத் தொடங்கியது. ஜொகூரின் ஈரக்காற்று அதே வேலையைக் காலங்காலமாக இலவசமாகச் செய்துவருகிறது.

மரத்துக்கு வருவோம். மூலத்தின் உடல் ஆஷ் அல்லது ஆல்டர். உடல் உளுத்துப்போனால் ஜொகூரில் எளிதாகக் கிடைப்பது ரப்பர் மரம். மூவாரின் தளவாடத் தொழிலே அதை நம்பித்தான் நடக்கிறது. பால் வற்றி, இருபத்தைந்து முப்பது ஆண்டுகளில் வெட்டப்படும் மரம். வெட்டியதும் மருந்தேற்றாவிட்டால் பூசணமும் வண்டும் முந்திக்கொள்ளும். ஆல்டரைவிடக் கனம், தோள்பட்டை புகார் சொல்லும். ஆயினும் இதைப் போலி என்று தள்ள எனக்கு மனம் வரவில்லை. லாயாங் லாயாங் பக்கம் பாட்டி விடியற்காலையில் கோடு போட்ட மரத்தைப் பேரன் மாலையில் மீட்டுவது, புல்லர்ட்டன் நினைத்தாலும் செய்ய முடியாத பாடம்.

கடைசியாக, ஜொகூர்ப் பிரதியை ஐயமற இனங்காணும் சான்று. பழைய பாஸ்களில் கழுத்தை நிமிர்த்தும் டிரஸ் ராட் கம்பியின் மரை உடற்பக்கம் மறைந்திருக்கும்; கழுத்தைத் தளர்த்தாமல் திருப்ப முடியாது. ஏர்கான் அறைக்கும் வெளிப் புழுக்கத்துக்கும் இடையே அல்லாடும் கழுத்தோ அடிக்கடி வளையும். கழற்றிக் கழற்றித் திருகாணித் துளை தளர்ந்துபோகும். மற்ற நாட்டார் அதில் பல்குச்சியும் பசையும் வைத்து அடைப்பர். இங்கே சாத்தே குச்சி. துளைக்குள் மூங்கில் சிம்பு தென்பட்டால் அது தென் தீபகற்பப் பாடம் எனத் துணியலாம். தின்றுபோட்ட குச்சியா, புதிய குச்சியா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. எண்ணெய் ஏறிய மூங்கிலில் பசை பிடிக்காதாகையால் புதியதே என்பது என் முடிபு. அப்படியானால் பழுதுபார்த்தவர் மளிகைக்கடையில் ஒரு கட்டு முழுவதையும் வாங்கியிருக்க வேண்டும். அடைக்க வேண்டிய துளைகளோ நான்கு. மீதிக் குச்சிகளுக்காகத்தான் அன்றிரவு இறைச்சி வாங்கப்பட்டதா என்பது தனி ஆய்வுக்கு உரியது.