வண்டி மாமா

புதுச்சேரியில் ஒருவர் கார் வாங்கப் போகிற சேதி ஷோரூமுக்குத் தெரிவதற்கு முன்னால் வண்டி மாமாவுக்குத் தெரிந்துவிடும். லாஸ்பேட்டைக்கு ஒருவர், முத்தியால்பேட்டைக்கு ஒருவர் என்று ஏரியாவுக்கு ஒரு மாமா உண்டு. விடிந்தால் எல்லா மாமாக்களும் கடற்கரைச் சாலையில்தான். காலை ஏழரை வரை அங்கே வண்டிகளுக்கு அனுமதி கிடையாது. வண்டியைப் பற்றிப் பேச இதைவிட வசதியான இடம் ஏது?

காந்தி சிலையருகே சிக்கினால் டூப்ளே சிலை வரை விடமாட்டார். "பட்ஜெட் எவ்ளோ தம்பி?" என்ன தொகை சொன்னாலும், "கூட ரெண்டு போடு" என்பார். ரெண்டு என்றால் லட்சம்.

அடுத்தது வரிப் பாடம். 2025 செப்டம்பர் முதல், நீளம் 4 மீட்டருக்குள், பெட்ரோல் என்ஜின் 1,200 சி.சி.க்குள், டீசல் என்றால் 1,500-க்குள் இருந்தால் 18 சதவீத ஜி.எஸ்.டி.; தாண்டினால் 40. "வென்யூ 3,995 மில்லிமீட்டர். அஞ்சு மில்லிமீட்டர்ல தப்பிச்சான் பாரு! பிரெஸ்ஸாவும் அதே நீளம்தான், பெட்ரோல் என்ஜின்ல மாட்டிக்கிச்சு." சொல்லும்போது அந்த ஐந்து மில்லிமீட்டரை விரலிடுக்கில் காட்டுவார்.

சரி, சின்ன வண்டி போதும் என்று நாம் நிம்மதியடையும் நேரத்தில்தான் கேட்பார்: "பாரிசுலேர்ந்து அக்கா குடும்பம் ஆகஸ்ட்ல வருமே, எங்க உட்காருவாங்க?" இந்த ஊரில் பாதி வீடுகளுக்கு பிரான்சில் ஒரு அக்காவோ சித்தப்பாவோ உண்டு. வருஷத்தில் ஒரு மாதம் வருகிறவர்களுக்காகப் பன்னிரண்டு மாதமும் ஏழு சீட்டு. ஃபெஞ்சல் புயல் மழையை வேறு நினைவுபடுத்துவார்: "2024-ல பாத்தல்ல, கிரவுண்ட் கிளியரன்ஸ் முக்கியம்." இடுப்பளவு தண்ணீரில் 200 மில்லிமீட்டர் என்ன செய்யும் என்று கேட்டால் கோபித்துக்கொள்வார்.

ஒரு விஷயத்தில் மட்டும் அவர் பேச்சைத் தட்டாதீர்கள். "உப்புக் காத்து தம்பி. மேல பாலிஷ் போடறத விட்டுட்டு அடிப்பக்கத்த நல்ல தண்ணியில பீச்சிக் கழுவு." வாசலில் பளபளவென்று நிற்கிற எத்தனையோ வண்டிகள் அடியில் துருவேறிக் கிடக்கின்றன.

வண்டி வந்த அன்று மணக்குள விநாயகர் கோயில் வாசலில் மாமாதான் முதல் ஆள். நான்கு டயருக்கும் எலுமிச்சம்பழம் வைப்பது அவர் பொறுப்பு. ரிவர்ஸ் எடுக்கும்போது கேமராவும் சென்சாரும் கீக் கீக்கென்று கதற, அவற்றை நம்பாமல் பின்னால் நின்று கேட்கிற மாதிரி டிக்கியில் தட்டுவார். "வரட்டும்... வரட்டும்... லெஃப்ட்ல ஒடி... ஸ்டாப்!" ஸ்டாப் எப்போதும் ஓர் அங்குலம் தாமதமாக வரும். அர்ச்சகர் நகர்ந்து நின்றுகொள்வார்.

ஆகஸ்டில் அக்கா குடும்பத்தை அழைத்துவர சென்னை விமான நிலையத்துக்குக் கிளம்பும்போதுதான் உறைக்கும். மூன்றாவது வரிசையை நிமிர்த்தினால் ஏழு பேர் உட்காரலாம். டிக்கியில் ஒரு கைப்பை நிற்கும். மடக்கினால் பெட்டி ஏறும், ஆள் ஏற முடியாது. பாரிசிலிருந்து வருகிறவர்கள் கைப்பையோடா வருவார்கள்?

மாமாவுக்குப் போன் போட்டால் துளியும் அசரமாட்டார். "அதுக்கென்ன, பெட்டிக்குத் தனியா ஒரு வேன் சொல்லிடு. நம்ம பையன் ஒருத்தன் இருக்கான், நம்பர் அனுப்பறேன்."