அக்னி நட்சத்திரத்தில் ஒரு ஸ்வெட்டர்

சென்னையில் ஸ்வெட்டர் போடுகிறவர்கள் மூன்றே வகை. மார்கழி விடியற்காலையில் மங்கி குல்லாவோடு வாக்கிங் கிளம்பும் பெரியவர்கள், சாஃப்ட்வேர் கம்பெனி ஏசியில் விறைத்துப்போகும் இளைஞர்கள், பிறந்து பத்து நாள் ஆன குழந்தைகள். முதல் இரண்டு வகையினரும் இஷ்டப்பட்டுப் போட்டுக்கொள்கிறார்கள். மூன்றாவது வகையை யாரும் கேட்பதில்லை.

ஜனவரி மாத இரவில்கூட இந்த ஊரின் சராசரிக் குளிர் 21 டிகிரி பக்கம்தான். 2003 மே 31 அன்று 45 டிகிரி வரைக்கும் போய்வந்த ஊர். ஆனால் அப்போதைக்கு உலகத்திலேயே பெரிய குரோஷா போர்வைக்கான கின்னஸ் சாதனை 2016 ஜனவரி 31 அன்று எங்கே நடந்தது என்று நினைக்கிறீர்கள்? நார்வேயில் இல்லை, காஷ்மீரில் இல்லை, இதே சென்னையில்தான். சுபஶ்ரீ நடராஜன் தொடங்கிய ‘மதர் இண்டியாஸ் குரோஷே குவீன்ஸ்’ என்ற பெண்கள் குழு பின்னிச் சேர்த்த அந்தப் போர்வையின் பரப்பு 11,148.5 சதுர மீட்டர். ஒன்றரைக் கால்பந்து மைதானத்தை மூடிவிடலாம். குளிரே தெரியாத ஊரில் இவ்வளவு போர்வை முளைக்கிறது என்றால், குரோஷாவுக்கும் குளிருக்கும் சம்பந்தம் கிடையாது என்றுதான் முடிவுகட்ட வேண்டும். அதற்குச் சம்பந்தமெல்லாம் பின்னுகிற கையோடுதான்.

அப்படி ஒரு ஜோடிக் கை பருத்திப்பட்டில் இருக்கிறது. ஆவடியிலிருந்து பூந்தமல்லி போகும் சாலையில், 2019இல் பூங்காவும் நடைபாதையும் படகுமாகப் புதுக்கோலம் பூண்ட ஏரிக்குப் பக்கத்தில் ஓர் அடுக்ககம். இரண்டாவது மாடியில் பாட்டி, தாத்தா. பாட்டி ஆவடி ஓ.சி.எஃப்.பில், அதாவது ராணுவத்துக்கு உடுப்பு தைக்கும் தொழிற்சாலையில், தையல் மிஷினில் காலம் தள்ளி ஓய்வு பெற்றவர். தாத்தா எச்.வி.எஃப். 1965இல் விஜயந்தா டாங்கி உருண்டு வெளியே வந்த அதே தொழிற்சாலை. ஒருவர் ஜவானுக்குச் சட்டை போட்டுவிட்டவர், இன்னொருவர் அவர் ஏறிப்போக வண்டி செய்தவர். இப்படிப்பட்ட வீட்டில் மகள் தலைப்பிரசவத்துக்கு வந்து இறங்கினால், பிறக்கப்போகும் பிள்ளைக்குக் கடையில் சட்டை வாங்குவார்களா?

தேதி சித்திரைக் கடைசி என்று டாக்டர் சொல்லியிருந்தார். அக்னி நட்சத்திரத்தின் நட்ட நடு. பாட்டி முடிவு செய்தது முழுக்கை ஸ்வெட்டர், குல்லா, சாக்ஸ்.

முதல் முட்டுக்கட்டை சம்பிரதாயம். பிள்ளை பிறக்கும் முன் புதுத்துணி வாங்கி வைக்கக் கூடாது. பிறந்த பின்னும் முதல் பத்து நாளைக்குத் துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆன பழைய வேட்டியும் புடவையும்தான். பாட்டிக்கு இதில் பூரண நம்பிக்கை உண்டு. ஸ்வெட்டரிலும் உண்டு. இரண்டுக்கும் நடுவே அவர் கண்டுபிடித்த சந்து, வக்கீல்களுக்கே வராத யோசனை.

“கடைசி வரி போட்டு நூலை வெட்டினாத்தான்டி அது துணி. அதுவரைக்கும் வெறும் நூல். ஒரு முனையை இழுத்தா மொத்தமும் பிரிஞ்சு வந்துடும், பாக்கறியா?”

சொன்னது சாஸ்திரப்படி எப்படியோ, குரோஷாப்படி நூற்றுக்கு நூறு சரி. குரோஷாவில் ஒவ்வொரு பின்னலும் முடியும்போது ஊசியில் நிற்பது ஒரே ஒரு கண்ணி. அதை விட்டுவிட்டு இழுத்தால் மூன்று மாத வேலை மூன்று நிமிஷத்தில் நூல்கண்டாகிவிடும். ஆகவே பாட்டி ஒவ்வொரு உருப்படியையும் கடைசி வரிக்கு முந்தின வரியில் நிறுத்தி, அந்த ஒற்றைக் கண்ணியில் ஊக்கு குத்தி, மஞ்சப்பையில் போட்டு வைத்தார். தெய்வத்துக்கும் ஆட்சேபம் இருந்திருக்காது.

நூல் வாங்கப் பாரிமுனைக்குப் போனார்கள். ஆவடியில் ஏறி மூர்மார்க்கெட் காம்ப்ளெக்ஸில் இறங்கினால் பாரிமுனை கூப்பிடு தூரம். கடைக்காரர் ஒரு கேள்விகூடக் கேட்காமல் மஞ்சளையும் இளம்பச்சையையும் எடுத்துப் போட்டார். ஆணா பெண்ணா என்று ஸ்கேனில் சொல்லக் கூடாது என்பது 1994ஆம் வருஷத்துச் சட்டம். அதனால் இந்தியாவில் இன்னும் பிறக்காத குழந்தைகள் எல்லோருக்கும் மஞ்சள்தான். பாட்டி கையில் எடுத்தது ‘உல்லன்’. கன்னத்தில் வைத்துப் பார்த்தார், பஞ்சுபோல இருந்தது. ஆனால் நம்மூர்க் கடைகளில் உல்லன் என்று விற்பதில் பெரும்பகுதி எந்த ஆட்டையும் பார்த்ததில்லை. அது அக்ரிலிக். கச்சா எண்ணெயிலிருந்து வருவது. 1950இல் அமெரிக்காவின் டூபான்ட் கம்பெனி ‘ஆர்லான்’ என்று பேர் வைத்துச் சந்தைக்கு விட்ட சரக்கின் வம்சம். வேர்வையை உறிஞ்சாது. மே மாதத்தில் அதை ஒரு பச்சைப் பிள்ளைக்குப் போடுவது பெட்ரோல் பங்கைப் போர்த்திவிடுவதற்குச் சமம் என்று மகள் கடையிலேயே சொன்னாள். பாட்டி யோசித்துவிட்டு இரண்டு கண்டு ஆங்கர் பருத்தி நூலும் வாங்கினார். உல்லனைத் திருப்பிக் கொடுக்கவில்லை.

திரும்பும் ரயிலிலேயே வேலை ஆரம்பம். பெண்கள் பெட்டி, ஜன்னல் ஓரம். பேசின் பிரிட்ஜ் தாண்டுவதற்குள் அடிச்சங்கிலி போட்டாகிவிட்டது. வில்லிவாக்கத்தில் வண்டி குலுங்கி நிற்க, மடியிலிருந்த கண்டு குதித்து சீட்டுக்கு அடியில் ஓடியது. கொரட்டூரில் ஒரு கல்லூரிப் பெண்ணின் செருப்பைச் சுற்றியது. பட்டரவாக்கத்தில் பூக்கூடைக்காரம்மா அதைப் பிடித்து, நம்பவே முடியாத வேகத்தில் முழம் போடுகிற கையால் சுற்றிக் கொடுத்தார்.

“என்னாம்மா பின்றே?”

“பேரப்பிள்ளைக்கு ஸ்வெட்டர்ங்க.”

“எந்த ஊர்ல இருக்குது கொழந்தை? ஊட்டியா?”

“இல்லீங்க. இன்னும் பொறக்கலை.”

“பொறந்து?”

“வேலூர் போகும். சம்பந்தி வீடு.”

பெட்டி ஒரு கணம் அமைதியானது. வேலூர் வெயிலைப் பற்றித் தெரியாதவர்கள் அந்த ரயிலில் யாரும் இல்லை. அம்பத்தூரில் இறங்கும்போது பூக்காரம்மா, “நல்லபடியா பொறக்கட்டும்” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். ஸ்வெட்டரைப் பற்றிப் பேசவே இல்லை.

வீட்டில் தாத்தா வெர்னியர் காலிப்பரோடு காத்திருந்தார். டாங்கித் தொழிற்சாலையில் மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு பிசகினால் திருப்பி அனுப்பியவர். குல்லாவின் கணக்கை அவரே எடுத்துக்கொண்டார். பிறந்த குழந்தையின் தலைச்சுற்றளவு ஏறக்குறைய 35 சென்டிமீட்டர். பையால் (π) வகுத்தால் விட்டம் 11. நடுவிலிருந்து வட்டமாகப் பின்னிக்கொண்டே வந்து, வட்டம் 11 சென்டிமீட்டர் ஆனதும் கண்ணி கூட்டுவதை நிறுத்திவிட வேண்டும். அதற்குமேல் தானாகவே கீழே மடிந்து குல்லாவாகும். பாட்டிக்கு இதெல்லாம் கையிலேயே தெரியும். ஆறு கண்ணியில் ஆரம்பம், சுற்றுக்கு ஆறு ஆறாகக் கூட்டினால் தட்டையாக உட்காரும். குறைத்தால் கிண்ணம். கூட்டினால் ஓரமெல்லாம் சுருண்டு கோழிக்கொண்டைப் பூவாகிவிடும்.

தாத்தாவின் மேற்பார்வையில் முதல் குல்லா கோழிக்கொண்டை ஆனது. இது அவமானம் இல்லை. 1997இல் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் டைனா டைமினா என்ற கணிதப் பேராசிரியை, மாணவர்களுக்கு ஹைப்பர்போலிக் வடிவியலை விளக்க வழி தெரியாமல், குரோஷா ஊசியை எடுத்து வேண்டுமென்றே கண்ணிகளைக் கூட்டிக் கூட்டி இதே கோழிக்கொண்டையைத்தான் செய்தார். காகிதத்தில் கிழிந்துபோன வடிவம் நூலில் நின்றது. பேராசிரியைக்குப் புகழ் கிடைத்தது. பருத்திப்பட்டுத் தாத்தாவுக்கு, சமையலறைப் பக்கம் வராமல் ஏரியைச் சுற்றி வரும்படி உத்தரவு கிடைத்தது.

ஸ்வெட்டரின் சோதனை வேறு மாதிரி. பாட்டிக்குக் குரோஷா சொல்லிக்கொடுத்தவர் குவார்ட்டர்ஸில் பக்கத்து வீட்டிலிருந்த நாகர்கோவில் டீச்சர். கான்வென்ட் படிப்பு, பிரிட்டிஷ் முறை. அந்த ஊருக்கும் நூல்வேலைக்கும் இரு நூற்றாண்டு உறவு உண்டு. லண்டன் மிஷன் பாதிரியார் சார்லஸ் மால்ட்டின் மனைவி மார்த்தா மால்ட் 1820களில் அங்கே பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். அந்தக் கூலியைச் சேர்த்துச் சில பெண்கள் அடிமைத்தனத்திலிருந்தே தங்களை மீட்டுக்கொண்டார்கள். அவருடைய மகள் எலைசா, பாதிரியார் கால்டுவெல்லை மணந்து இடையன்குடிக்கு அந்த வேலையைக் கொண்டுபோனார். அது தலையணைமேல் குண்டூசி குத்திக் கட்டைகளால் பின்னும் லேஸ். குரோஷா அந்தப் பக்கத்தில் பின்னாலேயே வந்த தங்கை.

மகளோ யூடியூபில் ஓர் அமெரிக்க அம்மையாரைப் பார்த்து வரி வரியாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். “டபுள் குரோஷே, இருபது வரிம்மா.” பாட்டி போட்டார். பிரிட்டிஷ் டபுள் குரோஷே குட்டை. அமெரிக்காவில் அதையே சிங்கிள் என்பார்கள். அமெரிக்க டபுள் அதைப்போல இரு மடங்கு உயரம். இருபது வரி முடிந்தபோது ஸ்வெட்டர் நெஞ்சோடு நின்றுவிட்டது. ராணுவத்தில் இப்படி ஓர் உடுப்பு தைத்து அனுப்பியிருந்தால் என்கொயரி வந்திருக்கும். பாட்டி மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, பிரிக்காமல், அதை டிவி ரிமோட்டுக்குச் சட்டையாக்கினார். 1980களில் டிவிக்கே குரோஷா போர்வை போட்ட தலைமுறை. பிளாஸ்டிக் வயரில் கூடை பின்னித் தெருவுக்கே கொடுத்த தலைமுறை. அவர்கள் கையில் எதுவும் வீணாவதில்லை, பிறர் வீட்டு மேஜைதான் நிறைகிறது.

மூன்றாவது மாடி மாமி ஒரு நாள் கேட்டார்: “இவ்ளோ நல்லா போடறேளே, விக்கலாமே?” கேள்வி நியாயம்தான். குரோஷாவை அச்சு அசலாகப் போடும் மிஷின் இன்னும் தொழிற்சாலைகளுக்கு வரவில்லை. கடையில் தொங்குவது நிஜக் குரோஷா என்றால் எங்கோ ஒரு பெண் உட்கார்ந்து ஊசியால் போட்டதுதான். ஆந்திராவின் நரசாபுரத்தில் தலைமுறை தலைமுறையாக அப்படிப் போடுகிறார்கள். 2024இல் அதற்குப் புவிசார் குறியீடும் வந்தது. அந்தப் பெண்களின் கூலி எவ்வளவு சொற்பம், ஏற்றுமதி லாபம் யார் பைக்குப் போகிறது என்று மரியா மீஸ் என்ற ஜெர்மன் ஆய்வாளர் 1982இலேயே ஒரு முழுப் புத்தகம் எழுதியிருக்கிறார். ஆகவே பாட்டி மாமிக்குச் சொன்ன பதில் பொருளாதாரப்படியும் சரியே: “வித்தா கட்டுப்படியாகாதுங்க. சும்மா குடுத்தாத்தான் கட்டுப்படியாகும்.”

மே முதல் வாரத்தில் பேத்தி பிறந்தாள். 2.9 கிலோ. தாத்தாவின் பழைய எட்டு முழ வேட்டியைக் கிழித்துத் தைத்த ஜப்லாவில் பத்து நாள் சுகமாகத் தூங்கினாள். பதினொன்றாம் நாள் தீட்டுக் கழிந்ததும் பாட்டி மஞ்சப்பையைத் திறந்து, ஊக்கை எடுத்து, கடைசி வரி போட்டு நூலை வெட்டினார். அரைஞாண் கயிறு, வசம்பு வளையல், கன்னத்தில் கருப்புப் பொட்டு, அதற்குமேல் மஞ்சள் உல்லன் முழுக்கை ஸ்வெட்டர். போட்டோ எடுப்பதற்குள் குழந்தையின் முகம் தக்காளியாகி, அந்த அழுகை ஏரியில் படகு விடுகிறவருக்கே கேட்டிருக்கும்.

பாட்டி அசரவில்லை. ஏசியைப் போடச் சொன்னார். 2020 முதல் இந்தியாவில் ரூம் ஏசிகள் போட்டதும் 24 டிகிரியில்தான் நிற்க வேண்டும் என்று விதி. அதுவரை ஏசியே ஆகாது என்று சொன்னவர், ஸ்வெட்டருக்காக 22க்கு இறக்கினார். கரண்ட் பில் தாத்தா தலையில்.

சாக்ஸை மட்டும் தடுப்பூசிக்குப் போன இடத்தில் டாக்டர் கழற்றி, உள்பக்கம் வெளியே வரத் திருப்பிப் பார்த்தார். ஒரு பிசிறு நூல் நீட்டிக்கொண்டிருந்தது. இப்படி ஓர் இழை பச்சைக் குழந்தையின் கால்விரலில் சுற்றிக்கொண்டால் ரத்த ஓட்டமே நின்றுவிடும், குழந்தை ஏன் அழுகிறது என்றும் தெரியாது என்றார். பாட்டி அங்கேயே கைப்பையிலிருந்து ஊசியை எடுத்துப் பிசிறை உள்ளே செருகி முடிந்தார். உடுப்புத் தொழிற்சாலையில் இன்ஸ்பெக்‌ஷன் பார்த்த கை, இந்த ஒரு கண்டிப்பை மறு பேச்சில்லாமல் ஏற்றுக்கொண்டது.

குழந்தைகளோ யாருக்காகவும் நிற்பதில்லை. மூன்றாம் மாதம் தலை 40 சென்டிமீட்டரைத் தொட்டது. குல்லா உச்சந்தலையில் நின்றது. ஐந்தாம் மாதம் எடை இரண்டு மடங்கு. வேலூருக்குக் கிளம்பும்போது ஸ்வெட்டரின் கையில் முழங்கைவரைதான் நுழைந்தது. சம்பந்தியம்மா, “அடுத்த பிள்ளைக்கு ஆகும், பத்திரமா வைங்க” என்று மரியாதையாகச் சொன்னார். கூடவே போனது பருத்தி நூலில் பாட்டி அரைமனதோடு போட்ட கையில்லாத மேல்சட்டை. ஒரு வயதுக் குழந்தையின் அளவில் தவறிப் பெரிதாகிப்போனது அது. அந்த ஒன்றைத்தான் மார்கழி வரைக்கும் பேத்தி போட்டாள்.

பின்ன உட்காரும் பாட்டிகளுக்கு, சித்திகளுக்கு, அத்தைகளுக்கு: பிறக்கும் மாதத்துக்கு அளவெடுக்காதீர்கள். பிறந்தபின் வரும் மார்கழிக்குக் குழந்தைக்கு எத்தனை மாதம் என்று எண்ணி, அந்த அளவில் போடுங்கள். நூல் பருத்தியாக இருக்கட்டும். கழுத்தில் நாடா வேண்டாம், பட்டனும் வேண்டாம், பெரிய துளை விழும் டிசைனும் வேண்டாம், விரல் மாட்டும். பிசிறை உள்ளே செருகுங்கள். வீட்டில் பழைய வேட்டி இருந்தால் முதலில் நாலு ஜப்லா தைத்து வைத்துவிடுங்கள். முதல் மாதம் பிள்ளை அதைத்தான் போடும்.