மூஞ்சிக்கு ஒரு நாயித்துக்கெழமை

ஏளா, இங்க வெளிச்சத்துக்கு வா. மூக்கோரம் பொருக்குத் தட்டியிருக்கு, கன்னம் செவந்து கெடக்கு, சிரிக்கச் சொன்னா “தாத்தா, இழுக்கு”ங்க. அப்பவும் என் பேத்தி வேலையில மட்டம் போடலெ. காலையில சோப்பு, சாயங்காலம் ஸ்கரப், ராத்திரி எலுமிச்சம்பழம். அந்த மூஞ்சிக்கு ஒரு நாயித்துக்கெழமை லீவாவது விடக் கூடாதா?

நான் டாக்டருக்குப் படிக்கலெதான். ஆனா தாராவியில தோலெத் தொட்டே வயித்தெக் கழுவுனவன். பாந்த்ராவுல கசாப்புக்கூடம் இருந்ததால இங்க தோல் கம்பெனி வந்துச்சு, அது பின்னாலேயே நம்ம திருநெல்வேலிச் சனம் வந்துச்சு. உப்புத்தோலெ ஊறவச்சு மொதல்ல சுண்ணாம்புத் தொட்டியில போடுவோம். மயிரு கழண்டு வரும், கொழுப்பும் கூடவே போயிரும். பெறகு பட்டை, கடுக்காய். கடைசியில எண்ணெய் காட்டாமக் காயவிட்டா பலகையாப் போயிரும், மடக்குனா வெடிக்கும். அதனால மேஸ்திரி எதுல கஞ்சத்தனம் பண்ணுனாலும் எண்ணெயில பண்ண மாட்டாரு. நீ தெனமும் நடத்துதது சுண்ணாம்புத் தொட்டி மட்டுந்தாம். எண்ணெய்க்கட்டம் உன் கம்பெனியில கெடையவே கெடையாது.

நம்பலேன்னா ஒன் தம்பி பொஸ்தகத்தெப் பாரு. செவப்பு லிட்மஸ் காயிதத்தெ சோப்புத்தண்ணியில முக்குனா நீலமாவும், சுண்ணாம்பு மாதிரி அதுவும் காரந்தாம். மூஞ்சித்தோலு லேசாப் புளிப்பு, பிஹெச் 5 பக்கம். சோப்புக்கு 9, 10. எலுமிச்சஞ்சாறு 2. காலையில இந்தக் கோடிக்கும் ராத்திரி அந்தக் கோடிக்கும் இழுத்தா அது எங்கிட்டுதாம் போவும்?

“பம்பாயில வேர்த்து ஒழுகுதே, எப்பிடிக் காயும்”ன்னு கேக்காத. பிகேசி ஆபீசுல எட்டு மணி நேரம் ஏசிக்கு அடியில உக்காந்துட்டுதான வாற. முல்தானி மட்டியும் வேண்டாம், அது எண்ணெய் வழியுதவளுக்கு. உனக்கு மண்ணு அப்பியே ஆவணும்னா கும்பார்வாடாவுல பானை செய்யுதவன்ட்ட கேளு, சும்மாவே தருவான்.

இந்த ஊரு மூஞ்சியில பூசுத ஸ்நோவுக்குப் பேர்போன ஊருல்லா. 1919லேயே பாட்டன்வாலான்னு ஒருத்தரு ஆப்கன் ஸ்நோவைக் கொண்டாந்தாரு. 1975ல ஃபேர் அண்ட் லவ்லி வந்துச்சு. 2020ல ‘ஃபேரெ’ அழிச்சு ‘க்ளோ’ன்னு ஒட்டுனாங்க. இத்தனை வருசத்துல வெளுத்தது டப்பா மேல இருந்த பேரு மட்டுந்தாம்.

சிரிக்காத, இதெ மட்டும் காதுல வாங்கு. மெடிக்கல்ல “ஒரு வாரத்துல செவப்பாயிருவே”ன்னு நீட்டுத ட்யூபுல ஸ்டீராய்டு இருக்கும். மொதல்ல மினுங்கும். பெறகு தோலு மெலிஞ்சு சின்னச் சின்ன ரத்தக்குழாய் தெரியும், பரு வரும், மீசை மொளைக்கும், நிப்பாட்டுனா எரியும். டாக்டர் சீட்டில்லாம விக்கப்படாதுன்னு 2018ல சர்க்காரு சட்டத்தெ இறுக்கியும், பாதிக் கடைக்காரனுக்குக் காது கேக்கலெ.

என்னதாம் செய்யங்கியா? செய்யாதன்னா கேக்கவா போற! வெதுவெதுப்பான தண்ணி. ராத்திரி ஒரு தடவெ, அதிகம் நுரைக்காத க்ளென்சர். துண்டால ஒத்து, தேய்க்காத. ஈரம் காயுததுக்கு முன்ன வாசனையில்லாத மாய்ஸ்சுரைசர், பொருக்கு மேல கடுகளவு வாஸ்லின். வெளிய போனா சன்ஸ்க்ரீன். தேங்கெண்ணெய் கையி காலுக்குப் போதும், மூஞ்சியில தடவுனா பருவுக்கு வெத்தல பாக்கு வச்ச கணக்கு. புதுசா எது வாங்குனாலும் முழங்கை மடிப்புல ஒரு வாரம் தடவிப் பாரு. நமைச்சலு கூடி நீர் கசிஞ்சா சயான் ஆஸ்பத்திரியில தோல் டாக்டரெப் போயிப் பாரு. யூட்யூப் அக்காமாரு சீட்டு எழுதித் தரமாட்டாளுவ.

ஆமா, நீ வாங்கணும்னு சொன்ன அந்த சீரம் என்ன வெலை? எண்ணூறா! இந்த மாசம் அதெ வாங்காத. நாயித்துக்கெழமை என்னெ மாட்டுங்கா கஃபே மெட்ராஸுக்குக் கூட்டிட்டுப் போ, நெய் ரோஸ்ட்டும் காப்பியும் வாங்கிக் குடு. வாசல்ல கூட்டமா இருந்தா என் வயசெச் சொல்லு. ஒன் மூஞ்சியெக் காட்டிராத, பின்னால நிக்கச் சொல்லிருவான்.