மூஞ்சூறுக்கு ஓர் இடம்

பெறுநர்: வெள்ளைக் கோடு போடும் உயர்திரு அதிகாரி அவர்கள்
பொருள்: சிங்கப்பூரின் காத்தோங் வட்டாரத்தில் இரண்டு சக்கரங்கள் நிற்பது தொடர்பாக
பார்வை: தங்களது கடைக்கண் பார்வை (இதுவரை கிட்டவில்லை)

ஐயா அல்லது அம்மா,

தங்கள் துறையின் பெயரை நான் எழுதாததற்கு மரியாதைதான் காரணம், பயம் இல்லை. சரி, பயமும் கொஞ்சம். சாலையோர வாகன நிறுத்தக் கட்டம் நகர மறுசீரமைப்பு ஆணையத்துடையது. அடுக்குமாடிப் பேட்டைக்குள் இருக்கும் கட்டம் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்துடையது. எத்தனை கட்டம் வேண்டும் என்ற கணக்கு நிலப் போக்குவரத்து ஆணையத்துடையது. கடைத்தொகுதிக்குள் இருப்பது அதன் சொந்தக்காரருடையது. பைக் மட்டும்தான் என்னுடையது. ஆகவே சாயத் தூரிகை எவர் கையில் இருக்கிறதோ அவருக்கே இந்தக் கடிதம்.

முதலில் நன்றி. எங்கள் பக்கத்துச் சந்து ஒன்றில் (பெயர் வேண்டாம், சந்துக்கும் மானம் உண்டு) எட்டு மோட்டார்சைக்கிள் கட்டங்கள் இருந்தன. ஒரு திங்கட்கிழமை காலை போய்ப் பார்த்தால் எட்டும் இல்லை, வரிசையாகப் பூந்தொட்டிகள். காகிதப்பூ. நன்றாகவே பூக்கிறது, குறை சொல்ல மாட்டேன். பைக்கும் அங்கே சும்மாதான் நின்றது, செடியும் சும்மாதான் நிற்கிறது. ஒரே ஒரு வித்தியாசம், செடி நாளுக்கு 65 காசு கட்டுவதில்லை.

65 காசு என்றதும் குரலைத் தாழ்த்திக்கொள்கிறேன். காலை 7 மணி முதல் இரவு 10.30 வரை 65 காசு; பிறகு விடியும்வரை இன்னொரு 65 காசு. கோப்பிக்கடையில் ஒரு கோப்பி-ஓ இதைவிடக் கூடுதல். நாங்கள் இதைப் பற்றிப் பொது இடத்தில் பேசுவதே இல்லை. வீட்டில் இருக்கும் நகையைப் பற்றித் தெருவில் நின்று யாராவது பேசுவார்களா?

எங்கள் சாபமும் அதுதான் என்று பிறகுதான் உறைத்தது. மத்திய வட்டாரத்துக்கு வெளியே காருக்கு அரை மணி நேரத்துக்கு 60 காசு. பத்து மணி நேரம் கட்டம் காலியாகாமல் இருந்தால் 12 வெள்ளி. அதே கட்டத்தில் நாலு பைக்கைக் குறுக்காக நிறுத்தலாம். நாலும் பொழுதெல்லாம் நின்றாலும் சேர்த்து 2 வெள்ளி 60 காசுதான். நாலு பேர் பிழைப்புக்கு வந்தால் 2.60, கார்க்காரர்கள் மாறி மாறி லக்சா சாப்பிட வந்தால் 12. எது வேண்டும் என்று கல்லாப்பெட்டியிடம் கேட்டால் என்ன சொல்லும்? தங்கள் மனத்தில் இப்படியொரு கணக்கு ஓடியிருக்காது என்பதில் எனக்கு ஐயமே இல்லை. கணக்கு என்னுடையது. தங்களுடையது திட்டமிடல்.

எங்களை ஒன்றும் கொடுக்காமல் ஊரில் குந்தியிருப்பவர்கள் என்றும் நினைத்துவிட வேண்டாம். 1990 முதல் இங்கே சக்கரம் உருள உரிமைச் சான்றிதழ் வாங்க வேண்டும். பைக்குக்கென்று தனிப் பிரிவு, டி. அந்தச் சான்றிதழின் விலை 2022இல் 10,000 வெள்ளியைத் தாண்டியது. ஆண்டு முடிவதற்குள் 13,000ஐயும் தாண்டிப் பார்த்தது. சின்ன பைக்குகள் பலவற்றின் விலை அவ்வளவு வராது. யானை வாங்கியவன் அங்குசத்துக்குத் தயங்கலாமா என்பார்கள். இங்கே யானையைவிட அங்குசம் விலை. பத்து ஆண்டுக்கு உருளும் உரிமை. நிற்கும் உரிமை அதில் எங்காவது எழுதியிருக்கிறதா என்று பின்பக்கத்தையும் திருப்பிப் பார்த்துவிட்டேன். இல்லை. கட்டம் சரியில்லை என்று ஜோசியர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். எங்கள் ஜாதகத்தில் கட்டமே இல்லை.

இடம் கொடுத்தால் பைக்குகள் குட்டி போட்டுப் பெருகிவிடும் என்ற கவலையும் வேண்டாம். கார், பைக் இரண்டின் வளர்ச்சி விகிதத்தையும் 2018 பிப்ரவரி முதல் அரசே சுழியத்தில் நிறுத்திவிட்டது. பெரும்பாலும் ஒன்று செத்தால்தான் இன்னொன்று பிறக்கும். இவ்வளவு ஒழுக்கமான இனத்துக்கு நிற்க நாலடி இடம் ஒதுக்குவதில் என்ன ஆபத்து?

“அதுதான் ரயில் வந்துவிட்டதே” என்று தாங்கள் சொல்வது காதில் விழுகிறது. வந்தது. 2024 ஜூன் 23ஆம் தேதி, தாம்சன் – ஈஸ்ட் கோஸ்ட் பாதையில் காத்தோங் பார்க், தஞ்சோங் காத்தோங், மரீன் பரேட் என்று இந்தப் பக்கம் ஏழு நிலையங்கள் ஒரே நாளில் திறந்தன. நானும் முதல் வாரமே ஏறிப் பார்த்தேன், குளுகுளுவென்று இருந்தது. 2019 முதல் நடப்பில் இருக்கும் விதிப்படி, ரயில் நிலையத்தை ஒட்டி எழும் கட்டடத்துக்கு மற்ற இடங்களைவிடக் குறைவான வாகனக் கட்டங்கள் போதும். காரைக் குறைக்க வேண்டும் என்பது நல்ல எண்ணம், அதற்கு என் ஓட்டும் உண்டு. ஆனால் காரைக் குறைக்கப் புறப்பட்ட கை, காரில் கால் பங்கு இடம்கூடப் பிடிக்காத வண்டியின் கழுத்தில் வந்து நிற்பது ஏன்? பாம்பு பிடிக்கப் போனவர் அரணையைப் பிடித்து வந்து கணக்குக் காட்டிய மாதிரி இருக்கிறது.

ரயிலில் யார் யார் போகலாம் என்று ஒரு நாள் உட்கார்ந்து யோசித்தேன். உணவு கொண்டுபோகும் பையன் பத்துப் பொட்டலம் லக்சாவோடு ஏறலாம். ஒன்று கசிந்தால் அவன் பாடு திண்டாட்டம். ரயிலுக்குள் சாப்பிட்டால் 500 வெள்ளி வரை அபராதம், சாப்பிட்டதா சிந்தியதா என்று குழம்பைப் பார்த்து யார் தீர்ப்பு சொல்வது? ஈரச்சந்தையில் மீன் இறக்குபவர் விடிகாலை 3 மணிக்கு வர வேண்டும். அந்நேரம் ரயில் தூங்கிக்கொண்டிருக்கும். கடைசி ரயில் போன பிறகு பணி மாறும் பாதுகாவலர் இருக்கிறார். ஜோகூரில் இருட்டோடு எழுந்து பாலம் கடந்து வருபவர் இருக்கிறார். ஏர்கான் பழுதுபார்ப்பவர் இருக்கிறார். அவருடைய பெட்டியில் இருக்கும் ஸ்பேனர்களின் எடைக்கு ரயிலில் அவருக்கு இரண்டு டிக்கெட் போட வேண்டும். காத்தோங்கின் கடைகள் காலையில் அழகாகத் திறந்திருப்பதும், உள்ளே குளிர்வதும், சாப்பாடு சூடாக வீடு போய்ச் சேருவதும் இந்த ஆட்கள் எங்கோ ஒரு மூலையில் பக்கவாட்டுக் காலைத் தட்டி வண்டியை நிறுத்திவிட்டு வந்ததால்தான்.

அந்த மூலையையும் கொஞ்சம் சொல்ல வேண்டும். நம் ஔவை ஒருமுறை அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது போனாள். அவன் தன் ஆயுதச்சாலையைத் திறந்து காட்டினான். எல்லாம் நெய் பூசி, மாலை சூடிப் பளபளவென்று இருந்தன. அவளும் மெச்சினாள், எங்கள் மன்னனுடைய வேல்களோ பாவம், நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்றாள். வேலை செய்த வேல் எது, சும்மா இருந்த வேல் எது என்று தொண்டைமானுக்குப் புரிந்திருக்கும். வேலை நாளில் காலை 10 மணிக்குத் தங்கள் கார்க் கட்டங்களை நான் அப்படித்தான் மெச்சுகிறேன். கோடு பளிச்சென்று, தரை கண்ணாடி போல, பாதிக் கட்டங்கள் காலியாக. பைக் கட்டங்களோ பாவம்! கோடு தேய்ந்து, எண்ணெய்க்கறை படிந்து, ஒரு வண்டியின் கைப்பிடி அடுத்த வண்டியின் விலாவில் குத்திக்கொண்டு, குப்பைத்தொட்டிக்கும் சாய்தளத்துக்கும் நடுவே அவலமாகக் கிடக்கின்றன.

போன ஆண்டு சென்னையிலிருந்து என் மாமா மகன் வந்திருந்தான். இடம் தேடி மூன்றாவது சுற்று வரும்போது பின்னால் இருந்து கேட்டான்: “ஏன் அத்தான், அப்படி ஓரமா போட்டுட்டுப் போக முடியாதா?” அவனுக்குச் ‘சம்மன்’ என்ற சொல்லை விளக்கினேன். தியாகராய நகரில் பைக் எங்கே நிற்கிறதோ அதுவே பைக் நிறுத்துமிடம். உண்மையைச் சொன்னால் அந்தச் சுதந்திரம் எனக்கு வேண்டாம். அங்கே என் அத்தை நடைபாதையில் நடந்து நான் பார்த்ததில்லை. இங்கே கடைவீடுகளுக்கு முன்னால் நடப்பவர்களுக்கென்று தாழ்வாரம் விட வேண்டும் என்று இந்த ஊரை நிறுவிய ராஃபிள்ஸ் 1822இலேயே சொல்லி வைத்தார். அந்த அஞ்சடித் தாழ்வாரம் இன்றும் அஞ்சடியாக இருக்கிறது. அது அப்படியே இருக்க வேண்டும் என்றுதான் நானும் கேட்கிறேன். கட்டம் அழிந்தால் பைக் ஆவியாகிப் போகாது, அஞ்சடியில் ஏறும். பிறகு வழியை மறித்தான் என்று சம்மன் வரும். இடத்தையும் எடுத்துக்கொண்டு இடம் இல்லாததற்குத் தண்டமும் வாங்குவது என்ன நியாயம் என்று கேட்க மாட்டேன். அதில் ஒரு நிர்வாகச் சிக்கனம் இருப்பதை ஒப்புக்கொள்கிறேன்.

வெளிநாட்டிலும் இந்தப் பாடு உண்டு. லண்டனின் வெஸ்ட்மின்ஸ்டரில் 2008இல் பைக் நிறுத்தக் காசு கேட்டார்கள். பாரிசில் 2022 செப்டம்பர் முதல் தேதியிலிருந்து பெட்ரோல் பைக்குகளுக்குக் கட்டணம். இரண்டு ஊரிலும் ஓட்டுநர்கள் தெருவில் இறங்கிப் போராடினார்கள். நாங்கள் இறங்க மாட்டோம். இறங்கினால் வண்டியை எங்கே நிறுத்துவது?

இடம் இல்லை என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள், காத்தோங்கில் அந்தச் சொல் எடுபடாது. இது கடலையே நகரச் சொன்ன ஊர். ஈஸ்ட் கோஸ்ட் ரோட்டுக்குப் பக்கத்தில் அடித்துக்கொண்டிருந்த அலையை, 1960களில் தொடங்கி மண் கொட்டித் தள்ளிவைத்து, அந்த மண்ணின் மேல் மரீன் பரேடைக் கட்டினோம். கடல் ஒரு வார்த்தை பேசாமல் தள்ளிப் போனது. ஒரு காரை 2.4 மீட்டர் தள்ளி நிற்கச் சொல்வது அதைவிடவா கஷ்டம்? காத்தோங் என்பதே ஒரு கடலாமையின் பெயர் என்பார்கள். கரை போனது, ஆமையும் போனது, பெயர் மட்டும் கடைத்தொகுதிகளின் நெற்றியில் நிற்கிறது.

சிலோன் ரோட்டில் செண்பக விநாயகர் இருக்கிறார். 1850களில் குளத்தங்கரைச் செண்பக மரத்தடியில் கிடைத்தவர், போர்க்காலக் குண்டுவீச்சையும் பார்த்தவர். போன வெள்ளிக்கிழமை அவர் முன்னால் நின்றபோதுதான் எனக்கு இந்தக் கடிதமே தோன்றியது. அவ்வளவு பெரிய உடம்பு, எடுத்துக்கொண்ட வாகனமோ மூஞ்சூறு. காரைக் குறைக்கும் தங்கள் கொள்கையை யார் முதலில் கடைப்பிடித்தது என்று பாருங்கள். அந்த மூஞ்சூறுக்குக் கோயிலின் கடைசி மூலையையா கொடுத்தார்கள்? சந்நிதிக்கு நேர் எதிரே, முதலாளி கண் திறந்தால் முதலில் படும் இடம். ஐயர் கற்பூரத் தட்டோடு சுற்றிக்கொண்டுதான் போகிறார். கூட்டம் எவ்வளவு நெரிந்தாலும், பெரிய மனிதர் எவர் வந்தாலும், அதைக் கொஞ்சம் நகர்த்துங்கள் என்று இதுவரை ஒருவரும் சொன்னதில்லை.

ஆகவே என் விண்ணப்பம் சிறியது. காத்தோங்கை ஒட்டிய ஜூ சியாட்டை 2011இல் மரபுடைமை நகர் என்று அறிவித்தார்கள். அங்குள்ள கூன் செங் ரோட்டு வீடுகளின் முகப்பை மாற்றுவதென்றால் அனுமதி கேட்க வேண்டும். சரியான ஏற்பாடு. அதே தாளில், எஞ்சியிருக்கும் பைக் கட்டங்களையும் ஒரு வரியில் சேர்த்துவிடுங்கள். எண்ணெய்க்கறைக்குப் பக்கத்தில் நான்கு மொழியில் ஒரு தகவல் பலகை வைத்தால் சுற்றுப்பயணிகள் படம் எடுத்துக்கொள்வார்கள். நாங்கள் வேண்டுமானால் சிரித்துக்கொண்டு நிற்கிறோம். கட்டத்தை எடுத்துத்தான் ஆக வேண்டுமென்றால், எடுப்பதற்கு முந்தின நாள் ஒரு கார்க் கட்டத்தை நாலாகப் பிரித்து அதே தெருவிலேயே கோடு போட்டுவிட்டு எடுங்கள். அதற்கு வேண்டியது ஒரு டப்பா வெள்ளைச் சாயமும் அரை நாளும். பூந்தொட்டிகளை யாரும் தூக்க வேண்டியதில்லை, அவை இருக்கட்டும்.

நேரில் பேச விரும்பினால் இன்று வரலாம். மூன்று சுற்றுச் சுற்றி ஒரு கட்டம் பிடித்து, அதன் பக்கத்துத் திண்ணையில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். 65 காசு கட்டியாகிவிட்டது. இரவு 10.30 வரை இங்கேதான் இருப்பேன்.

இப்படிக்கு,
டி பிரிவுக் குடிமகன்