வடக்கு அம்பின் பருமன்: பலமனேர் வரைபடங்களை முன்வைத்து ஓர் ஆய்வு

பலமனேர் 1911 வரை வட ஆர்க்காடு மாவட்டத்தில் இருந்தது. மாவட்டத்தின் பெயரிலேயே வடக்கு இருந்தபடியால் முன்னோர் அதை வீட்டு பிளானில் தனியாகக் குறிக்கத் தேவைப்பட்டிருக்காது என்பது இவ்வாய்வாளரின் துணிபு. அந்த ஆண்டு ஏப்ரலில் சித்தூர் மாவட்டம் பிறந்தது, வடக்கு போயிற்று, அம்பு வந்தது. மறுப்போர் சான்று காட்டட்டும். (என்னிடமும் சான்று இல்லை.)

ஆட்டோகேடில் வீட்டை முழு அளவிலேயே வரைகிறோம். பிரிண்ட் எடுக்கும்போதுதான் அது சுருங்குகிறது. பக்கத்தில் நிற்கிற பாவத்துக்கு அம்பும், வெட்டுக்கோட்டுக் குறியும், கதவு எண் வட்டமும் கூடவே சுருங்குகின்றன. 1:100 தாளில் அம்பு 15 மி.மீ. தெரிய வேண்டுமானால் கணினிக்குள் அதை 1500 மி.மீ. வரைய வேண்டும், கிட்டத்தட்ட ஐந்தடி. அதே அம்பு 1:500 மனைப்படத்தில் 3 மி.மீ. ஆகிவிடும், 1:10 கழிப்பறைப் படத்தில் 150 மி.மீ.

இரண்டையும் நான் செய்திருக்கிறேன். மனைப்படத்தை விரித்த வாஸ்து பெரியவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, "தம்பி, ஈசானிய மூலை எதுன்னு நான் எதை வெச்சுச் சொல்றது? வடக்கையே காணோமே" என்றார். தொட்டுக் காட்டினேன். "இதுவா? ஈ உட்கார்ந்துட்டுப் போன கறைன்னு நெனச்சேன்."

கழிப்பறையில் நேர்மாறு. 700 மி.மீ. கோப்பை தாளில் 70 மி.மீ.; அம்போ அதற்கு இரண்டு மடங்குக்கும் மேல். மேஸ்திரிக்குத் தெலுங்கு, தமிழ், கன்னடம் மூன்றும் வரும். மூன்றிலும் சிரித்துவிட்டுத் தமிழில் கேட்டார்: "ஏன் சார், பாத்ரூமுக்குள்ள வேல் நட்டு வெச்சிருக்கீங்க? முருகன் கோயிலா கட்றோம்?"

இதை நிலப்படக்காரர்கள் எப்போதோ புரிந்துகொண்டுவிட்டார்கள். ஒரு மைலுக்கு ஓர் அங்குலம் என்ற பழைய சர்வே தாளில் கோயில் குறி 2 மி.மீ. என்று வையுங்கள், தரையில் அது சுமார் 127 மீட்டர். தெருமுனைக் கங்கம்மாவுக்கு ஆயிரங்கால் மண்டபம் கட்டும் இடம்! அதற்காக யாரும் வழக்குப் போடவில்லை. குறி கண்ணுக்காக இருப்பது, நிலத்துக்காக அல்ல.

கணினி வரைவாளரிடையே இதுகுறித்துச் சமயப் பிளவுகள் உண்டு. லேயர் சமயத்தார் ஒவ்வோர் அளவுக்கும் ஓர் அம்பு வரைந்து வேண்டாததை உறையவைப்பார்கள். ஐந்து அம்பில் நாலைத் திருப்பி ஒன்றை மறந்தால் அந்த வீட்டுக்கு இரண்டு வடக்கு. குறிகளை வீடு வரைந்த மாடலில் தொடாமல், பிரிண்டுக்கான லேஅவுட் தாளிலேயே வைப்பவர்கள் ஆசாரசீலர்கள். ஆனால் வீட்டை ஓர் அடி நகர்த்தினால் குறி பழைய இடத்திலேயே நிற்கும், பஸ்ஸை விட்ட பயணி மாதிரி.

ஆட்டோகேடின் 2008 பதிப்பில் 'அன்னோடேட்டிவ்' வந்தது. தாளில் 15 மி.மீ. என்று ஒரு தடவை சொன்னால் போதும், ஒவ்வோர் அளவுக்கும் அதுவே தன் பருமனை மாற்றிக்கொள்ளும். அந்த அம்பைச் சொடுக்கினால் அதன் மற்ற உருவங்கள் மங்கலாகப் பின்னால் எழுந்து நிற்கும்; இரவில் தனியாக வேலை செய்பவர்கள் கவனிக்க.

வம்சவிருத்தியும் உண்டு. பெங்களூர் போய் வேறு படங்களோடு இணைந்து வந்த ஒரு கோப்பின் அளவுப் பட்டியலில் 1:100 என்பது '1:100_எக்ஸ்ரெஃப்' என்று ஒரு பிள்ளையும், '1:100_எக்ஸ்ரெஃப்_எக்ஸ்ரெஃப்' என்று ஒரு பேரனும் பெற்றிருந்தது. கொள்ளுப்பேரன்களை எண்ணுவதற்குள் கணினி உறைந்துவிட்டது.

திருத்திய படத்தோடு நான் மனைக்குப் போனபோது வேலை தொடங்கியிருந்தது. மேஸ்திரி அடித்தளத்தின்மேல் கிழக்கே பார்த்து நின்று, இடதுகைப் பக்கம் கரிக்கட்டியால் முழ நீளத்துக்கு ஓர் அம்பு போட்டிருந்தார். அளவு 1:1. சிமெண்ட் பூசும்வரை அது அங்கேயே இருந்தது.