எந்தக் கடைப் புண்ணாக்கு?

ஒரு மனிதன் தன் சாப்பாட்டுக்கு எந்தக் கடையில் அரிசி வாங்குகிறான் என்பதை ஊரில் ஒருவரும் விசாரிப்பதில்லை. கல்லும் குருணையும் கலந்த அரிசியை அவன் ஆயுள் முழுவதும் உண்டு தீர்த்தாலும், அது அவன் தலைவிதி என்று விட்டுவிடுவார்கள். ஆனால் அவன் வீட்டுக் கொல்லையில் ஒரு கறவை மாடு வந்து நின்றுவிட்டால், அதன் புண்ணாக்கு எந்தக் கடையிலிருந்து வருகிறது என்பது அன்றோடு அவனுடைய சொந்த விவகாரமாக இருப்பது நின்றுபோகிறது. வாய்க்கால் படித்துறையில் பல் துலக்குகிறவர் முதல், கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் வரை, சகலருக்கும் இதில் அசைக்க முடியாத அபிப்பிராயம் உண்டு. அபிப்பிராயம் கேட்கப்படாத ஜீவன் ஒன்றே ஒன்றுதான். அது கொல்லையில் நின்று அசைபோட்டுக்கொண்டிருக்கும்.

பள்ளிக்கூட உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்று, பாபநாசத்துக்கு அருகே பூர்வீக வீட்டில் குடியேறிய பிறகு, என் மனைவியின் பெருமுயற்சியால் எங்கள் வீட்டுக்கு ஜெர்சிக் கலப்புப் பசு ஒன்று வந்து சேர்ந்தது. அதற்கு என்ன போடவேண்டும் என்பதில் எனக்குச் சிரமமே இருக்கவில்லை. உடம்பைத் தாங்குவதற்கு அடர்தீவனம் ஒன்றரைக் கிலோ, அதற்குமேல் கறக்கும் ஒவ்வோர் இரண்டரை லிட்டருக்கும் ஒரு கிலோ என்று கால்நடை மருத்துவர் சொன்ன கணக்கு, நான் நாற்பது பையன்களுக்கு ஒரே மூச்சில் போதித்த வாய்ப்பாட்டைவிடச் சுலபமானது. பத்து லிட்டர் கறந்தால் ஐந்தரைக் கிலோ. மாதத்துக்கு ஐம்பது கிலோ மூட்டையில் மூன்றும் சில்லறையும். இம்மூன்று மூட்டையை எங்கே வாங்குவது என்ற இடத்தில்தான் கணித சாஸ்திரம் கையை விரித்துவிட்டது.

எங்கள் பக்கத்தில் இதற்கு மூன்று வழிகள் உண்டு: கடைத்தெருத் தீவனக் கடை, ஆற்றங்கரைச் செக்கு, பால் கூட்டுறவுச் சங்கம். இவற்றுள் முதலாவது, என் மனைவியின் பெரியப்பா வீட்டு மாப்பிள்ளையின் கடை. ஆகவே அதைப் பற்றிய தர்க்கம் தொடங்குவதற்கு முன்பே முடிந்துவிட்டது. "ஏங்க, வேற எங்கே வாங்கினாலும் வண்டி அவுங்க கடை வாசலைத் தாண்டித்தானே வரணும்? மூட்டையோட தாண்டினா என்ன நினைப்பாங்க?" என்று அவள் கேட்ட கேள்விக்கு, பண்டத்தின் தரம், விலை, நிறை என்னும் பொருளாதாரத் தத்துவங்கள் எதிலும் பதில் இல்லை.

எனினும், பண்டம் பார்க்கத் தெரியாமல் கடைக்குப் போவது அவமானம் என்று கருதி, அடுத்த வீட்டுப் பெரியவரைத் துணைக்கு அழைத்துக்கொண்டேன். எண்பதைத் தாண்டிய அவர் தீவனக் கடைக்குள் நுழையும் தோரணை, ரத்தினப் பரீட்சைக்காரர் நகைக் கடைக்குள் நுழைவதைப் போல இருக்கும். கழுத்து மணியும் மூக்கணாங்கயிறும் தொங்கும் வாசலில் செருப்பை விட்டுவிட்டு, வாய் சுருட்டி வைத்த மூட்டை ஒவ்வொன்றின் முன்னும் அவர் நிற்பார். பருத்திக்கொட்டையில் ஒன்றை எடுத்து முன்பல்லால் நறுக்கென்று கடித்து, பருப்பு வெளுத்திருக்கிறதா, கறுத்திருக்கிறதா என்று வெளிச்சத்தில் பார்ப்பார். தவிட்டில் ஒரு பிடி அள்ளி, கடைப் பையனிடம் தம்ளரில் தண்ணீர் கேட்டு அதில் கொட்டுவார். உமித்தூள் மேலே மிதக்கும், மணல் அடியில் தங்கும், நடுவே கலங்கி நிற்பதற்கு மட்டுமே காசு கொடுக்கலாம் என்பது அவர் சித்தாந்தம். கடலைப் புண்ணாக்கை உடைத்து அவர் மூக்கருகே கொண்டுபோகும்போது கடையில் ஒரு நிசப்தம் நிலவும். பிறகு, "தம்பி, இது மழையிலே நனைஞ்ச சரக்கு. பச்சை பூத்திருக்கு பாரு. வேண்டாம்" என்று அவர் தீர்ப்புச் சொன்னால், கடைக்காரர் அதை மறுக்காமல் உள்ளேயிருந்து வேறு மூட்டை கொண்டுவரச் சொல்வார். அந்த முதல் மூட்டை பின்னால் யார் வீட்டுக்குப் போயிற்று என்பதை விசாரிப்பது உறவுக்கு நல்லதல்ல.

அந்த மூக்கை நான் அலட்சியமாக நினைக்கவில்லை. 1960ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் காரணம் தெரியாமல் மடிந்தபோது, அங்கிருந்த பண்டிதர்கள் ஆராய்ந்து ஆராய்ந்து, பிரேசில் தேசத்திலிருந்து வந்த கடலைப் புண்ணாக்கில் பூத்த பூஞ்சையின் விஷமே காரணம் என்று கண்டு, அதற்கு அஃப்ளாடாக்ஸின் என்று நாமகரணம் செய்தார்கள். சோதனைச் சாலையும் நுண்ணோக்கியும் கொண்டு அவர்கள் வந்து சேர்ந்த முடிவுக்கு, எங்கள் பெரியவர் ஒரு முகர்வில் வந்துவிடுகிறார். அவருக்குக் கிடைக்கும் சன்மானமோ கடைக்காரர் வாங்கித் தரும் ஒரு டீ.

பண்டப் பரீட்சை முடிந்தால் அடுத்தது நிறை. இங்கே பெரியவரின் மூக்குக்குச் செல்வாக்கில்லை. மூட்டையைச் சாக்கோடு நிறுத்தால், சாக்கின் எடையைக் கழிக்கவேண்டுமென்பது வாங்குகிறவன் கட்சி. சாக்கும் ஒரு பண்டம்தானே, வீட்டில் நெல் கட்டப் பயன்படாதா என்பது விற்கிறவர் கட்சி. அந்நியராக இருந்தால் வாதாடிக் கழித்துவிடலாம், "வாத்தியார் மாமா, உங்ககிட்டயா நான் கணக்குப் பாக்கப்போறேன்?" என்று சொல்லிக்கொண்டே கழிக்காமல் விடுகிற மாப்பிள்ளையிடம் என்ன வாதாடுவது?

ஆற்றங்கரைச் செக்கின் பெருமை வேறு தினுசு. செக்கில் ஆட்டிய புண்ணாக்கில் எண்ணெய் கொஞ்சம் மிச்சமிருக்கும். ரசாயனத் திராவகம் ஊற்றி எண்ணெயைக் கடைசிச் சொட்டுவரை உறிஞ்சும் பெரிய ஆலைகளின் புண்ணாக்கில் அது நூற்றில் ஒரு பங்குகூடத் தேறுவது அரிது. இந்த உண்மையைச் செக்குக்காரர் ஒவ்வொரு வாடிக்கைக்காரரிடமும் புதிதாகக் கண்டுபிடித்தவர்போல எடுத்துரைப்பார். எள்ளுப் புண்ணாக்கைக் கண்டதும் எங்கள் பசுவின் காதுகள் முன்னே சாய்வதை நானே பார்த்திருக்கிறேன். அதில் பக்ஷபாதம் இல்லை. ஆனால் அவர் ஆட்டுகிற நாளில்தான் புண்ணாக்கு உண்டு, அவர் ஆட்டுகிற நாள் அவருக்கே முன்கூட்டித் தெரியாது, ஆட்டி முடியும்வரை திண்ணையில் உட்கார்ந்து தேசத்தின் அரசியலைப் பற்றி அவர் செய்யும் உபந்நியாசத்துக்கு ஆமாம் போட்டுக்கொண்டிருக்க வேண்டும். மாட்டுக்கு வயிறு நிறைந்து எனக்குத் தலை நிறைந்துவிடும்.

சங்கத்துத் தீவனம் குச்சி குச்சியாக, ஒரே அளவில் நறுக்கிய மருந்தைப்போல் வரும். புரதம் இவ்வளவு, நார் இவ்வளவு என்று மூட்டையின் மேலேயே அச்சிட்டிருப்பதால் பெரியவருக்கு அங்கே வேலையில்லை. அதனாலேயே அவருக்கு அதன்மேல் நம்பிக்கையுமில்லை. விலையைப் பால் பணத்தில் பிடித்துக்கொள்கிறார்கள். கையில் வராத பணம் செலவானதாக மனத்துக்குப் படுவதில்லை என்னும் வேதாந்த சௌகரியம் இதில் உண்டு. இந்தக் குச்சித் தீவனத்தை இளக்காரமாகப் பேசுகிறவர்களுக்கு நான் ஒரு சரித்திரம் சொல்வதுண்டு. 1964ஆம் ஆண்டு அக்டோபர் 31ஆம் தேதி, குஜராத்தில் ஆனந்துக்கு அருகே கஞ்சாரியில் கூட்டுறவுக்காரர்கள் கட்டிய மாட்டுத் தீவனத் தொழிற்சாலையைத் திறந்துவைக்கப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரி போனார். போனவர் முந்தைய இரவை ஒரு கிராமத்துக் குடியானவர் வீட்டில் கழித்து, பால் விஷயங்களை விசாரித்து அறிந்தார். அதன் பலனாக அடுத்த வருஷமே தேசியப் பால்வள வாரியம் பிறந்தது. ஒரு பிரதமரே தீவனத்துக்காக ஓர் இரவு தங்கினார் என்றால், நான் திண்ணையில் உட்காருவது ஒன்றும் கௌரவக் குறைவல்ல என்று சொல்லிப் பார்த்தேன். "சாஸ்திரி மாடு வச்சிருந்தாரா?" என்று பெரியவர் கேட்டார்.

இத்தனை விவாதத்துக்கும் நடுவே, கடையை மாற்றிவிடுவது என்று ஒருமுறை மனத்தைத் திடப்படுத்திக்கொண்டேன். அப்போதுதான் மருத்துவர் குறுக்கிட்டார். பசுவின் பெருவயிற்றில் கோடானுகோடி நுண்ணுயிர்கள் குடியிருக்கின்றனவாம். அவைதாம் உண்மையில் தீவனத்தைச் செரிக்கின்றன. ஒரு தீவனத்துக்குப் பழகிய அவற்றைத் திடீரென்று வேறொன்றுக்கு மாற்றினால் மாடு வயிறு உப்பிப் படுத்துவிடும். வாரம் பத்து நாள் பழையதைக் குறைத்துப் புதியதைக் கூட்டித்தான் மாற்றவேண்டும். ஒரு மாப்பிள்ளையின் மனத்தை மட்டும் நோகாமல் பார்த்துக்கொண்டால் போதுமென்று எண்ணியிருந்த எனக்கு, அவ்வளவு பெரிய ஜனத்தொகையின் சம்மதமும் வேண்டுமென்பது புதுச் செய்தி. ஆகவே பெரும்பகுதி கடைத்தெருவில், எள்ளுப் புண்ணாக்கு செக்கில், மாதம் ஒரு மூட்டை சங்கத்தில் என்று சமரசமாகப் பிரித்துக்கொண்டேன். என்னைப்போலவே ஊரில் அநேகர் பிரித்துக்கொண்டிருக்கிறார்கள் என்பது பின்னால்தான் தெரிந்தது. அதை யாரும் வெளியில் சொல்வதில்லை.

இப்படி நடந்துவருகையில், சங்கத்தில் எங்கள் பாலின் கொழுப்புச் சத்து மூன்றரையிலிருந்து படிப்படியாக ஏறி நான்கரையைத் தொட்டது. செய்தி கடைத்தெருவுக்குப் பரவ அதிக நேரமாகவில்லை. பருத்திக்கொட்டையின் மகிமை என்று மாப்பிள்ளை பிரகடனம் செய்தார். எள்ளின் எண்ணெய்தான் பாலில் தெரிகிறது என்று செக்குக்காரர் திண்ணையிலிருந்து அறிவித்தார். சங்கச் செயலாளரோ தாது உப்பு கலந்த தீவனத்துக்கு வேறு சாட்சி வேண்டுமா என்று ரசீதைக் காட்டினார். மருத்துவரிடம் நான் தனியாகக் கேட்டபோது, "ஈன்று எட்டு மாசமாச்சு சார், பால் குறையக் குறையக் கொழுப்பு ஏறத்தான் செய்யும், மாடு வத்திக்கிட்டு வருது" என்றார்.

இதை நான் எவரிடமும் பிரஸ்தாபிக்கவில்லை. அந்த மாதம் மாப்பிள்ளை நான் கேளாமலே சாக்கின் எடையைக் கழித்தார். செக்குக்காரர் ஒரு கை எள்ளுப் புண்ணாக்கைக் கொசுறாகப் போட்டார். சங்கச் செயலாளர், எல்லாவற்றுக்கும் கணக்கு எழுதவேண்டியவராகையால், வாயால் மட்டும் பாராட்டினார்.