வாரியல் அண்ணாச்சி

நாகர்கோவிலில் வடசேரி முதல் சுசீந்திரம் வரை எந்தத் தெருவிலும் இப்படி ஒருவர் இருப்பார். அரசு வேலையில் ஓய்வு பெற்றவர். மகன் பழைய லேப்டாப்பை வீட்டில் போட்டுவிட்டு பெங்களூரு போய்விட்டான். காலையில் பேப்பர், அது முடிந்ததும் சி டிரைவ். அக்கம்பக்கத்தில் யார் வீட்டுக் கம்ப்யூட்டர் மெதுவானாலும் முதல் ஆளாக வந்து நாற்காலியை இழுத்துப் போடுவார். தெருக்காரர்கள் அவருக்கு வைத்த பெயர் வாரியல் அண்ணாச்சி.

"சாப்ட்வேர எடுத்தாச்சுல்லா? அதுக்க ஃபோல்டருக்கு இங்க என்ன சோலி? தூத்து எறியும் வே சவத்த!"

அழிப்பது என்றால் ஷிஃப்ட்டையும் டெலீட்டையும் சேர்த்து அழுத்துவதுதான். ரீசைக்கிள் பின்னில் அவருக்கு நம்பிக்கை கிடையாது. குப்பையை வாரி வீட்டுக்குள்ளேயே வைப்பானேன் என்பது அவர் கட்சி.

ஆரம்பத்தில் அன்இன்ஸ்டால் செய்கிற பழக்கமே அவருக்கு இல்லை. நேராக புரோகிராம் ஃபைல்ஸுக்குள் போய் ஃபோல்டரைத் தூக்கிவிடுவார். நீக்கும் நிரலும் பெரும்பாலும் அதே ஃபோல்டரில்தான் இருக்கும். அதுவும் சேர்ந்து போய்விடும். செட்டிங்ஸ் பட்டியலில் பெயர் மட்டும் நிற்கும். எத்தனை முறை சொடுக்கினாலும் போகாது. "வைரஸ்லா கேறியிருக்கு" என்று அண்ணாச்சி தீர்ப்புச் சொல்வார்.

பிறகு மறைந்திருக்கும் ஃபோல்டர்களைக் காட்டவைக்கும் வித்தை கைவந்தது. ஆப்டேட்டா திறந்தது; உள்ளே லோக்கல், லோக்கல்லோ, ரோமிங் என மூன்று அறைகள். ஒளித்து வைத்திருக்கிறான் என்றாலே கள்ளத்தனம்தான் என்று முடிவுகட்டிவிட்டார். ரோமிங்கில் கிடந்த தண்டர்பேர்ட் ஃபோல்டருக்குள் வீட்டுக்காரரின் பழைய மெயில்கள் இருக்கலாம் என்ற யோசனையே எழவில்லை. நீக்கும் நிரல் பொதுவாகத் தான் கொண்டுவந்ததை மட்டுமே எடுத்துக்கொண்டு போகும். நாம் உண்டாக்கியதை விட்டுவைப்பது, மறுபடி நிறுவினால் உதவட்டும் என்றுதான்.

கோட்டாறு கடைத்தெருவில் அண்ணாச்சியைக் கம்ப்யூட்டர் பக்கம் அண்டவிடாததற்கு நியாயம் உண்டு. டாலி இஆர்பி 9-இன் பழைய நிறுவல்களில் கணக்குகள் நிரலின் ஃபோல்டருக்குள்ளேயே, 'டேட்டா' என்ற உள்ஃபோல்டரில் இருக்கும். அதைத் திறந்தால் 10000, 10001 என்று வெறும் எண்கள். ஒவ்வோர் எண்ணும் ஒரு நிறுவனத்தின் மொத்தக் கணக்கு. அண்ணாச்சி கண்ணுக்கு அது "பேரே இல்லாத எளவு". ஒரு சொடுக்கில் பல வருஷத்துப் பற்றுவரவு காணாமல் போகும்.

அவருக்கு முன்னோடிகளும் உண்டு. 1998 டிசம்பரில் பங்கி நிறுவனம் வெளியிட்ட 'மித் 2' விளையாட்டின் நீக்கும் நிரல், விளையாட்டு எந்த ஃபோல்டரில் இருந்ததோ அதை முழுசாக அழித்தது. விளையாட்டைத் தனி ஃபோல்டரில் போடாமல் டிரைவின் தலைமாட்டிலேயே நிறுவியிருந்தால் டிரைவே காலி. பங்கி டிஸ்குகளைத் திரும்பப் பெற வேண்டியதாயிற்று.

அண்ணாச்சியின் அடுத்த குறி, விண்டோஸுக்குள் ஒளிந்திருக்கும் 'இன்ஸ்டாலர்' ஃபோல்டர். ஜி.பி. கணக்கில் கனத்திருப்பதைப் பார்த்து நாவூறுகிறது. அதில் கைவைத்தால் பிறகு பல மென்பொருள்களைப் புதுப்பிக்கவும் முடியாது, நீக்கவும் முடியாது.

வீட்டில் அண்ணாச்சி இல்லாத நேரம் பார்த்து இதைச் செய்யலாம். செட்டிங்ஸ் வழியாக நீக்குங்கள், ரீஸ்டார்ட் செய்யுங்கள். மிஞ்சிய ஃபோல்டரைத் திறந்து, உங்கள் கோப்பு ஏதும் இருந்தால் பென்டிரைவில் நகல் எடுங்கள். ஃபோல்டர் பெயரோடு 'பழசு' என்று சேர்த்து ஒரு மாதம் விட்டுவையுங்கள். எதுவும் முரண்டு பிடிக்காவிட்டால் அழிக்கலாம். விண்டோஸ் ஃபோல்டருக்குள் மட்டும் போகவே வேண்டாம். வேகம் கூடும் என்று எதிர்பார்க்கவும் வேண்டாம்: சும்மா கிடக்கும் ஃபோல்டர் டிரைவில் இடத்தைத்தான் அடைக்கும். கம்ப்யூட்டர் தொடங்கும்போதே கூடவே கிளம்பும் நிரல்கள் டாஸ்க் மேனேஜரின் ஸ்டார்ட்அப் பட்டியலில் இருக்கின்றன. வேகம் வேண்டுவோர் முதலில் பார்க்க வேண்டிய இடம் அது.